ஒரே ஃபைலில் மூன்று பிரசவ தேதிகள்: எதை நம்புவது?

என் தங்கைக்குத் தலைப்பிரசவம். அவளுடைய ஃபைலைப் புரட்டினால் மூன்று பிரசவ தேதிகள் இருந்தன. முதல் பக்கத்தில் நர்ஸ் கையால் எழுதியது டிசம்பர் 17. மே மாதம் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டின் அடியில் டிசம்பர் 22. அக்டோபர் கடைசியில் எடுத்த ஸ்கேனில் ஜனவரி 5. முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே 19 நாள். "இதுல எதைண்ணா ஆபீஸ்ல சொல்லி லீவு கேக்கறது?" என்றாள்.

வீட்டில் எல்லோரும் ஜனவரி 5 என்று முடிவு கட்டிவிட்டார்கள். கடைசியாக எடுத்த ஸ்கேன், குழந்தையும் நன்றாக வளர்ந்து தெளிவாகத் தெரிகிறது, அதனால் அதுதான் சரியாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். விசாரித்துப் பார்த்ததும் விஷயம் நேர் தலைகீழ் என்று புரிந்தது. பிரசவ தேதியைப் பொறுத்தவரை பழைய ரிப்போர்ட்டுக்குத்தான் மதிப்பு. கரு எவ்வளவு சின்னதாக இருக்கும்போது அளந்தார்களோ, அந்தத் தேதி அவ்வளவு நம்பகமானது. கடைசி மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் தேதி சொல்வதற்கானதே இல்லை.

எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன்னால், ஒரு வாரம் முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிப் போகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றும் ஆகாது. வலி வரும்போது வரும். ஆனால் மருத்துவர் எடுக்கும் முடிவுகள் பலவும் வாரக் கணக்கை வைத்தே நடக்கின்றன. 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். 37 வாரம் நிறையாமல் பிறந்தால் குறைப்பிரசவம். சிசேரியன் முன்கூட்டியே திட்டமிட்டால், வேறு சிக்கல் இல்லாதபோது 39 வாரம் நிறையும்வரை பொறுக்கச் சொல்கிறார்கள். 41 வாரம் தாண்டினால் வலி வரவழைப்பது பற்றிய பேச்சு தொடங்கும். 42 தாண்டக் கூடாது என்பார்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு நஞ்சு (குழந்தைக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடி) தளரத் தொடங்கி வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்து கூடுகிறது. கணக்கு ஒரு வாரம் பிசகினால், தேவையில்லாமல் வலிக்கு மருந்து ஏற்றுவதும் உண்டு, தேவைப்படும்போது கைகட்டிக் காத்திருப்பதும் உண்டு.

நர்ஸ் விரல் விட்டு எண்ணியது

டிசம்பர் 17 எப்படி வந்தது? தங்கைக்குக் கடைசியாக மாதவிடாய் தொடங்கிய நாள் மார்ச் 10. அதிலிருந்து மூன்று மாதம் பின்னால் போனால் டிசம்பர் 10. ஏழு நாள் கூட்டினால் டிசம்பர் 17. உலகம் முழுக்கப் பிரசவ வார்டுகளில் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் கார்ல் நேகலே (1778–1851) பெயரால் இதை நேகலே விதி என்கிறார்கள். அவருக்கும் முன்பே ஹாலந்து மருத்துவர் ஹெர்மன் போர்ஹாவே இதே போல் எண்ணச் சொல்லியிருக்கிறார். அதாவது அல்ட்ராசவுண்டு என்ற ஒன்று கனவில்கூட இல்லாத காலத்துக் கணக்கு இது.

ஒரு வேடிக்கை. கர்ப்பகாலம் 280 நாள் என்பதுதான் இந்த விதியின் அடிப்படை. மார்ச் 10லிருந்து நாட்காட்டியில் 280 நாளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்: டிசம்பர் 15 வரும். 17 வராது. மாதங்கள் ஒரே நீளமாக இல்லாததால் விதிக்கும் எண்ணிக்கைக்கும் ஓரிரு நாள் இடித்துக்கொள்ளும். தங்கையின் போனில் இருந்த ஆப் டிசம்பர் 15 என்றுதான் காட்டியது. ஆக, ஃபைலுக்கு வெளியே நான்காவது தேதி ஒன்றும் இருந்தது! இந்த இரண்டு நாளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று. மற்றவர்கள் ஒன்பது மாதம் என்கிறார்கள், நாம் பத்து மாதம் சுமந்து பெற்றவள் என்கிறோம். 280 நாளை 28 நாள் கொண்ட மாதவிடாய்ச் சுற்றுகளாகப் பிரித்தால் சரியாகப் பத்து. தமிழ் தப்பாக எண்ணவில்லை.

விதியின் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சுற்று 28 நாள், 14ஆம் நாள் கருமுட்டை வெளியாகிறது என்று அது எல்லாப் பெண்களையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது. உண்மையில் மாதவிடாய் தொடங்கிய நாளில் கரு என்று ஒன்றே இல்லை, முட்டைகூட வெளியாகியிருக்காது. கணக்கு வசதிக்காக அந்த நாளிலிருந்து தொடங்குகிறோம், அவ்வளவுதான். முட்டை எப்போது வெளியானது என்பது ஊகம். 2000ஆம் ஆண்டு ஆலன் வில்காக்ஸ் குழு வெளியிட்ட ஆய்வில், கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் முழுவதும் சுற்றின் 10 முதல் 17ஆம் நாளுக்குள் அடங்கியது சுமார் 30 சதவீதப் பெண்களுக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு அதற்கு முன்போ பின்போ தள்ளிப்போனது.

தங்கையின் சுற்று பெரும்பாலும் 35 நாள். மாதவிடாய் ஏழு நாள் தாமதமாக வரும் பெண்ணுக்கு முட்டையும் பொதுவாக ஏழு நாள் தாமதமாகத்தான் வெளியாகும். முட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிடாய்க்கான இடைவெளி அவ்வளவாக மாறுவதில்லை. அப்படியென்றால் அவளுக்கு 14ஆம் நாள் இல்லை, 21ஆம் நாள். 280ஓடு ஏழு நாள் கூட்டினால் டிசம்பர் 22. நர்ஸ் சுற்று எத்தனை நாள் என்று கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. ஒரு கேள்வியில் ஒரு வாரம் பறிபோனது.

சுற்று சீராக இருந்தாலும் நினைவு சீராக இருக்க வேண்டும். தேதி குறித்து வைக்காதவர்கள் "1ஆம் தேதி வாக்கில்", "15 இருக்கும்" என்று உருட்டித்தான் சொல்கிறார்கள். கருத்தடை மாத்திரையை அண்மையில் நிறுத்தியவர்களுக்கு முதல் சில சுற்றுகளில் முட்டை எப்போது வெளியாகும் என்று சொல்ல முடியாது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, மாதவிடாய் திரும்பவே இல்லாமல் மீண்டும் கருத்தரிப்பவர்களுக்கு எண்ணத் தொடங்க நாளே கிடையாது. கரு தங்கிய பிறகு லேசாகப் பட்ட இரத்தக் கசிவை மாதவிடாய் என்று எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் கணக்கு ஏறத்தாழ ஒரு மாதமே குறைந்துவிடும்.

இவ்வளவு குறை சொன்னாலும் இந்த வழியைத் தூக்கி எறிய முடியாது. கருவி வேண்டாம், காசு வேண்டாம், கர்ப்பம் உறுதியான அன்றே பதில் கிடைக்கும். முதல் ஸ்கேனை எப்போது எடுப்பது என்று தீர்மானிக்கவே இந்தத் தேதி வேண்டும். தொடக்கப் புள்ளியாக இதற்கு மாற்று இல்லை. தீர்ப்பாகத்தான் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆப்புகளையும், மருத்துவர்கள் மேசையில் சுழற்றும் அட்டைச் சக்கரத்தையும் தனி வழியாக எண்ண வேண்டாம். உள்ளே இருப்பது அதே 280 நாள். சக்கரத்தில் அச்சுப் பிசகால் ஓரிரு நாள் வித்தியாசம் வரலாம். ஆப்பில் அது வராது. சுற்றின் நீளத்தைக் கேட்கும் ஆப் கேட்காததைவிட மேல். தங்கை அமைப்புக்குள் போய் 28ஐ 35ஆக மாற்றியதும் அவளுடைய ஆப்பும் டிசம்பர் 22க்கு வந்துவிட்டது.

நாளே தெரிந்தவர்கள்

சிலருக்கு ஊகமே தேவையில்லை. ஐ.வி.எஃப். முறையில் கருத்தரித்தவர்களுக்குக் கருவின் வயது நாள் கணக்காகத் தெரியும். முட்டையை வெளியே எடுத்துக் கருவூட்டிய நாளிலிருந்து 266 நாள். ஐந்து நாள் வளர்ந்த கருவை உள்ளே வைத்திருந்தால், வைத்த நாளிலிருந்து 261 நாள். மூன்று நாள் கரு என்றால் 263. எல்லா வழிகளிலும் உறுதியானது இதுதான். பிறகு ஸ்கேன் சில நாள் கூடவோ குறையவோ காட்டினாலும் இந்தத் தேதியை மாற்றுவதில்லை. ஐ.வி.எஃப். தம்பதியர் செய்யும் ஒரே தவறு, பொது ஆப்பில் கடைசி மாதவிடாய் தேதியைப் போட்டுக் குழப்பிக்கொள்வது. சிகிச்சையில் மாதவிடாய் தேதிக்கும் கரு வைத்த தேதிக்கும் வழக்கமான உறவு இருக்க வேண்டும் என்றில்லை.

வீட்டில் ஓவுலேஷன் பட்டையோ உடல் வெப்பக் குறிப்போ வைத்து முட்டை வெளியான நாளைக் கவனித்தவர்கள் அடுத்த இடத்தில் வருகிறார்கள். அந்த நாளோடு 266ஐக் கூட்டலாம். மாதவிடாய்க் கணக்கைவிட இது நிச்சயம் மேல். ஆனால் உடலுறவு கொண்ட நாளே கருத்தரித்த நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். ஊரிலிருந்து கணவர் வந்த அந்த ஒரே வாரம் தெரியும் என்பவர்களுக்கு அது ஒரு வாரத்துக்குள் துல்லியம் தரும், அதற்குமேல் இல்லை.

வாரத்தைக் காட்டும் டிஜிட்டல் கர்ப்பச் சோதனைக் கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் தெரியும் "2–3 வாரம்" கருத்தரித்ததிலிருந்து எண்ணியது. மருத்துவர் சொல்லும் வாரம் மாதவிடாயிலிருந்து எண்ணியது. இரண்டுக்கும் இடையே இரண்டு வாரம் எப்போதும் இருக்கும். இதை அறியாமல் "குழந்தை வளரவில்லையோ" என்று அழுதவர்களை எனக்குத் தெரியும்.

முதல் மூன்று மாத ஸ்கேன்: என் ஓட்டு இதற்கு

தங்கையின் இரண்டாவது ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஸ்கேன் எடுத்தது மே 10. மாதவிடாய்க் கணக்குப்படி அன்று 8 வாரம் 5 நாள். திரையில் கரு தலையிலிருந்து பிட்டம் வரை 14 மி.மீ. இருந்தது. விரல் நகத்தின் அகலம்தான். அந்த நீளத்துக்கு வயது 7 வாரம் 5 நாள். ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். என்று போட்டிருப்பது இந்தத் தலை–பிட்ட நீளத்தைத்தான்.

ஒரே ஒரு நீளத்தை வைத்து எப்படி வயதைச் சொல்கிறார்கள்? முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருவும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்கிறது. அப்பா நெட்டையா, அம்மா மெலிந்தவளா, நஞ்சு சரியாக வேலை செய்கிறதா என்பதெல்லாம் அப்போது பெரிதாகக் கணக்கில் வராது. அந்த வயதில் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளர்ச்சி. அதனால் அளப்பவர் கை 2 மி.மீ. தவறினாலும் பிசகு இரண்டு நாள். பிற்காலத்தில் இந்த வசதி இல்லை: எட்டாம் மாதத்தில் தொடை எலும்பு வாரத்துக்கே சுமார் 2 மி.மீ.தான் வளரும். அங்கே அதே 2 மி.மீ. தவறு ஒரு வாரம். இந்த ஓர் ஒப்பீடு போதும், ஏன் சின்னக் கரு பெரிய குழந்தையைவிட நல்ல கடிகாரம் என்று புரிய.

வயிற்றுக்குள் ஒலியலையைச் செலுத்திப் பார்க்கும் முறையை இயன் டொனால்டு குழு கிளாஸ்கோ நகரில் 1958இல் வெளியிட்டது. அதே நகரில் ஹ்யூ ராபின்சன் 1973இல் தலை–பிட்ட நீளத்தை வைத்துக் கர்ப்பத்தின் வயதைச் சொல்ல முடியும் என்று காட்டினார். அரை நூற்றாண்டு கழித்தும் முதல் மூன்று மாதத்தில் வயது சொல்ல அந்த ஒற்றை நீளத்தைத்தான் அளக்கிறார்கள்.

13 வாரம் 6 நாள் வரை எடுத்தால் இந்த ஸ்கேனின் பிழை 5 முதல் 7 நாளுக்குள் அடங்கும். நல்ல நேரம் 8 முதல் 13 வாரம். அதற்கும் முன்னால் ஓடுவதில் பலன் இல்லை. 5 வாரத்தில் வெறும் கருப்பை மட்டும் தெரியும் என்பார்கள் சிலர். உள்ளே ஒரு சின்னப் பையும் தெரியக்கூடும். ஆனால் அந்தப் பையின் அகலத்தை வைத்துத் தேதி போடக் கூடாது. கரு தெரிந்து, அதன் நீளத்தை அளந்தால்தான் கணக்கு. மறுபக்கம், நீளம் 84 மி.மீ. தாண்டிவிட்டாலும் இந்த அளவு உதவாது. கரு சுருண்டும் நிமிர்ந்தும் படுக்கத் தொடங்குவதால் தலையின் சுற்றளவு போன்ற வேறு அளவுகளுக்குப் போக வேண்டியிருக்கும். அளக்கும்போது கரு நேராகக் கிடக்க வேண்டும். அதனால்தான் சில சமயம் "கொஞ்சம் நடந்துவிட்டு வாங்க" என்று அனுப்பி மறுபடி அளக்கிறார்கள். கடுப்பாக இருக்கும், ஆனால் அந்த அரை மணி நேரம் வீண் போகாது. இரட்டைக் குழந்தைகள் என்றால் இரண்டில் பெரிதாக இருக்கும் கருவின் நீளத்தை எடுத்துக்கொள்வது வழக்கம்.

மாதவிடாய் ஒன்று சொல்கிறது, ஸ்கேன் ஒன்று சொல்கிறது, எதை எழுதுவது? இதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, மாதவிடாய்க் கணக்கில் 8 வாரம் 6 நாள் வரை உள்ளவருக்கு ஸ்கேன் 5 நாளுக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேன் தேதிக்கு மாற்ற வேண்டும். 9 முதல் 15 வாரம் 6 நாள் வரை, 7 நாளுக்கு மேல் வேறுபட்டால். 16 முதல் 21 வாரம் 6 நாள் வரை, 10 நாளுக்கு மேல். 22 முதல் 27 வாரம் 6 நாள் வரை, 14 நாளுக்கு மேல். 28 வாரத்துக்குப் பிறகு 21 நாளுக்கு மேல் வேறுபட்டால் மட்டும். அதற்குள் இருந்தால் மாதவிடாய்த் தேதியே நிற்கும். சில நாடுகளில் இந்த ஒப்பீட்டுக்கே போகாமல், முதல் மூன்று மாத ஸ்கேன் தேதியையே எல்லோருக்கும் எழுதிவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் வரும் விடைகளுக்கு இடையே பெரும்பாலும் சில நாள் வித்தியாசம்தான்.

தங்கைக்கு 8 வாரம் 5 நாளில் வித்தியாசம் 7 நாள். எல்லை 5. ஆகவே ஸ்கேன் தேதி வென்றது: டிசம்பர் 22. சுற்றின் நீளத்தைத் திருத்திப் போட்ட கணக்கும் அதே நாளில் வந்து நின்றதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு தனித்தனி வழிகள் ஒரே இடத்தில் கை குலுக்கினால் அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

ஐந்தாம் மாதத்தில்தான் போனேன் என்பவர்களுக்கு

கர்ப்பம் என்று தெரியவே மூன்று மாதம் கடந்துவிடுவது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை. அவர்களுக்கு குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் அனாமலி ஸ்கேனே தேதி ஸ்கேனாகவும் ஆகிறது. தலையின் அகலம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் என்று நான்கை அளந்து சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். பிழை 7 முதல் 10 நாள். முதல் மூன்று மாத ஸ்கேனுக்குத் தம்பி என்று சொல்லலாம், மோசமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல், 24 வாரத்துக்கு முன்பு ஒரு ஸ்கேனாவது எடுக்க வேண்டும் என்று சொன்னதற்குக் கர்ப்பத்தின் வயதை அறிவதும் ஒரு காரணம்.

22 வாரம் தாண்டியும் ஸ்கேனே எடுக்காத கர்ப்பத்தை "தேதி உறுதியாகாத கர்ப்பம்" என்ற கணக்கில் வைக்கிறார்கள். மாதவிடாய் தேதி எவ்வளவு தெளிவாக நினைவிருந்தாலும் சரி.

எட்டாம் மாத ஸ்கேன் தேதி எங்கே ஏமாற்றுகிறது

இப்போது வீட்டில் எல்லோரும் நம்பிய ஜனவரி 5. ஸ்கேன் எடுத்தது அக்டோபர் 27. டிசம்பர் 22 தேதிப்படி அன்று சரியாக 32 வாரம். குழந்தையின் அளவுகளோ 30 வாரத்துக்குரியவை. மெஷின் என்ன செய்கிறது? "30 வாரக் குழந்தையின் அளவில் இருக்கிறது, ஆக இன்னும் 10 வாரம் பாக்கி" என்று கணக்குப் போட்டு ஜனவரி 5 என்று அச்சடித்துவிடுகிறது. அதற்கு முந்தைய ரிப்போர்ட் தெரியாது. அது சொல்வது குழந்தையின் வயது அல்ல. சராசரிக் குழந்தை எந்த வயதில் இந்த அளவில் இருக்கும் என்பது மட்டும்தான்.

உங்கள் தெருவில் பத்து வயதுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துங்கள். உயரத்தை வைத்து வயதைச் சொன்னால் ஒருவனுக்கு எட்டு, இன்னொருவளுக்குப் பன்னிரண்டு என்று வரும். எட்டாம் மாத ஸ்கேன் செய்வது இதையேதான். பரம்பரை, நஞ்சின் திறன், தாய்க்கு இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் அதற்குள் குழந்தையின் உடலில் எழுதப்பட்டுவிடுகின்றன.

இதனால் தேதி மட்டும் தப்பாவதில்லை. 32 வாரக் குழந்தை 30 வார அளவில் இருக்கிறதென்றால் இரண்டு சாத்தியம்: குழந்தை இயல்பாகவே சிறியது, அல்லது நஞ்சு போதுமான ஊட்டம் தராமல் வளர்ச்சி தேங்கியிருக்கிறது. இரண்டாவது என்றால் கூர்ந்து கவனித்தாக வேண்டும். தேதியை ஜனவரி 5க்குத் தள்ளிவிட்டால் 30 வாரத்தில் 30 வார அளவு, எல்லாம் சரி என்று ஆகிவிடும். எச்சரிக்கை மணியின் நாக்கைக் கழற்றி வைத்த மாதிரி. அதோடு, 41 வாரம் என்பது ஜனவரி 12 ஆகிவிடும். சரியான கணக்கில் அன்று 43 வாரம்.

தங்கையின் மருத்துவர் தேதியைத் தொடவில்லை. வித்தியாசம் 14 நாள், எல்லை 21. அதைவிட, மே மாத ஸ்கேன் கையில் இருக்கும்போது இந்தக் கேள்வியே எழாது என்றார். தொப்புள்கொடி இரத்த ஓட்டத்தை டாப்ளரில் பார்த்தார், பனிக்குட நீரின் அளவைப் பார்த்தார், மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அடுத்த ஸ்கேனில் குழந்தை தன் வளர்ச்சிக் கோட்டிலேயே, கொஞ்சம் கீழே, ஆனால் சீராக ஏறிக்கொண்டிருந்தது. சின்னக் குழந்தை, அவ்வளவுதான்.

கடைசி மூன்று மாதத்தில் முதல் முறையாக வருபவர்களுக்கு வேறு வழியில்லை, இந்த ஸ்கேனைத்தான் நம்ப வேண்டும். பிழை மூன்று வாரம் வரை போகலாம் என்று தெரிந்தே நம்ப வேண்டும். மூன்று, நான்கு வாரம் கழித்து மீண்டும் அளந்து, வளர்ச்சி வேகம் சீராக இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களுக்கு அவசியம்.

கை, நாடா, துடிப்பு

ஸ்கேன் வசதி இல்லாத இடங்களில் வயிற்றைத் தொட்டே காலத்தைச் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். 12 வாரத்தில் கருப்பையின் உச்சி இடுப்பெலும்புக்கு மேல் தட்டுப்படும். 20 வாரத்தில் தொப்புளைத் தொடும். 36இல் நெஞ்சுக்குழிக்கு அருகில். 24 வாரத்துக்குப் பிறகு நாடா வைத்து அளந்தால் எத்தனை செ.மீ.யோ ஏறத்தாழ அத்தனை வாரம். பருமன், நார்க்கட்டி, இரட்டை, நீர் அதிகம், எதுவானாலும் அளவு கெடும். குழந்தை முதலில் அசைவது தலைப்பிரசவத்தில் 18 முதல் 20 வாரத்தில், அடுத்த பிரசவங்களில் 16 முதல் 18 வாரத்தில் தெரியும். ஆனால் வாயுவா துடிப்பா என்று பிரித்தறிவது ஆளுக்கு ஆள் மாறும். இவை வேறு எதுவும் இல்லாதபோது கைகொடுப்பவை. தேதி ஏற்கெனவே இருந்தால் அதைச் சரிபார்க்க மட்டும். ஸ்கேன் தேதியை இவற்றைக் காட்டி யாராவது மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

யார் எதை எடுத்துக்கொள்வது

ஐ.வி.எஃப். என்றால் கரு வைத்த நாள், விவாதம் முடிந்தது. சுற்று சீராக 26 முதல் 30 நாள், தேதி குறித்து வைத்திருக்கிறீர்கள், கருத்தடை மாத்திரை எதுவும் இல்லை என்றால் மாதவிடாய்த் தேதியிலிருந்து தொடங்கி, 8 முதல் 13 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனால் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டும் எல்லைக்குள் ஒத்துப்போனால் மாதவிடாய்த் தேதியை மாற்ற வேண்டியதில்லை. சுற்று சீரற்றதா, பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா, தாய்ப்பால் காலமா, தேதி நினைவில்லையா? மாதவிடாய்க் கணக்கோடு மல்லுக்கட்டாமல் அந்த முதல் ஸ்கேனையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போன்றவர்களுக்காகவே அது இருக்கிறது. முதல் ஸ்கேனைத் தவறவிட்டவர்கள் 22 வாரத்துக்குள் ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

ஒரு முறை சரியான அடிப்படையில் தேதி போட்டுவிட்டால் பிறகு அதை மாற்றக் கூடாது. இதைத்தான் நடைமுறையில் அதிகம் மீறுகிறார்கள். மருத்துவமனை மாறும்போது புதிய இடத்தில் கடைசி ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் புதுத் தேதி எழுதிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஃபைலின் மேலே வையுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். தேதியை மட்டும் எழுதாமல், எந்த நாள் ஸ்கேனில், எத்தனை மி.மீ. அளவை வைத்து வந்தது என்றும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த நாளில் குழந்தை பிறக்குமா என்றால், நூற்றுக்கு நான்கைந்து பேருக்குத்தான் பிறக்கிறது. கணக்குப் பிழை மட்டும் காரணம் இல்லை. 2013இல் ஆன் மேரி ஜூகிக் குழு வெளியிட்ட ஆய்வில் 125 பெண்களுக்கு முட்டை வெளியான நாளே ஹார்மோன் சோதனையால் துல்லியமாகத் தெரியும். அப்படியும் பிரசவம் வரையான இடைவெளியின் நடு அளவு 268 நாளாக இருந்தாலும், குறைப்பிரசவங்களை நீக்கிய பிறகும் மிகக் குறைந்த இடைவெளிக்கும் மிக நீண்ட இடைவெளிக்கும் நடுவே 37 நாள் விரிவு இருந்தது. கர்ப்பகாலமே பெண்ணுக்குப் பெண் மாறுகிறது. அமெரிக்காவில் 1990இல் வெளியான ராபர்ட் மிட்டென்டார்ஃப் குழுவின் சிறிய ஆய்வில் சிக்கலில்லாத தலைப்பிரசவங்கள் மாதவிடாயிலிருந்து 288 நாளும், அடுத்தடுத்த பிரசவங்கள் 283 நாளும் எடுத்தன. தலைப்பிரசவம் சில நாள் தள்ளிப்போனால் பதற வேண்டாம் என்பதற்கு இது போதும்.

தங்கையிடம் ஆபீஸில் டிசம்பர் 22 என்று சொல்லச் சொன்னேன், ஆனால் வேலையை டிசம்பர் 8க்குள் கைமாற்றிவிடச் சொன்னேன். சொந்தக்காரர்களிடம் "டிசம்பர் கடைசி" என்று மட்டும் சொல்லி வைத்தோம். 23ஆம் தேதி காலையிலிருந்து "இன்னும் இல்லையா?" என்று போன் அடிப்பதைத் தவிர்க்க அது ஒன்றே வழி. மருத்துவர் ஃபைலின் முதல் பக்கத்தில் டிசம்பர் 17ஐ ஒரு கோடு போட்டு அடித்து, 22ஐ வட்டமிட்டு, பக்கத்தில் "மே 10, 14 மி.மீ." என்று எழுதியிருந்தார். அக்டோபர் ரிப்போர்ட்டில் ஜனவரி 5க்கு எதிரே வெறும் "சிறிய குழந்தை, வளர்ச்சியைப் பார்க்கவும்" என்ற குறிப்பு.

பையன் டிசம்பர் 26 விடியற்காலை பிறந்தான். 2 கிலோ 600 கிராம்.